இலையில்லாத மாதங்களில் மட்டும்

பத்தொன்பது வருடம் டலூத்தில் பள்ளிப் பேருந்து ஓட்டினேன்.
எந்த வாசலிலிருந்து எந்தப் பிள்ளை
ஷூ லேஸ் கட்டாமல் ஓடிவரும் என்று தெரியும்.
அந்த வீடுகளின் விலை தெரியாது.

முதுகு இனி முடியாது என்றது.
நாற்பத்தாறு வயதில் பாடப்புத்தகம் வாங்கினேன்.
'சந்தை மதிப்பு: நிர்ப்பந்தமில்லாமல் விற்பவரும்
நிர்ப்பந்தமில்லாமல் வாங்குபவரும்
ஒப்புக்கொள்ளும் விலை.'
அப்படி இரண்டு பேரை
இதுவரை நான் பார்த்ததில்லை.

உரிமம் வேண்டுமென்றால் ஆயிரம் மணி நேரம்
வேறொருவரின் கையெழுத்துக்குக் கீழே உழைக்க வேண்டும்.
எனக்குக் கையெழுத்துப் போடுபவன் டேனர் ஆஸ்ட்ரம்.
இரண்டாம் வகுப்பில்
என் பேருந்தின் ஏழாம் வரிசையில் வாந்தி எடுத்தவன்.
நாங்கள் அதைப் பேசுவதில்லை.

நவம்பரில் ஒரு வீடு.
ரெனே கிவிஸ்டோ, விவாகரத்து,
கணவனின் பாதியை வாங்கிக்கொள்ளக் கடன் கேட்டிருக்கிறாள்.
வங்கி என்னை அனுப்பியிருக்கிறது, அவள் அல்ல.
காபி தந்தாள். வாங்கக் கூடாது.
வாங்கிக் கையில் வைத்துக்கொண்டேன், குடிக்கவில்லை.

லேசர் புள்ளி சுவர் சுவராகப் போனது.
மேலே இரண்டு படுக்கையறை.
'மூன்று' என்றாள் ரெனே.
மூன்றாவது பேஸ்மென்ட்டில்.
போர்வை, ஹாக்கி மட்டை, சுவரெல்லாம் குதிரைகள்.
ஜன்னலோ ரொட்டிப் பெட்டி அளவு;
தீப்பிடித்தால் ஒரு ஆள் வெளியே வர முடியாது,
ஆகவே அது படுக்கையறை இல்லை.
தரைக்குக் கீழே இருப்பதால்
அதன் சதுர அடி மேல்தளத்தோடு சேராது.
படிவத்தில் இரண்டு என்று எழுதினேன்.

படிக்கட்டில் நின்ற மகளைத் தெரியும், என் பேருந்துதான்,
லேஸ் கட்டாதவர்களில் ஒருத்தி.
எட்டிப் பார்த்தாள்.
'அப்போ நான் எங்கே தூங்கறேன்?'

அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

மாடிக் குளியலறையில் கண்ணாடியைத் துடைத்தபோது
இரண்டு பிர்ச் மரங்களுக்கு நடுவே
சாம்பல் நிறமாய் ஒரு பட்டை.
சுப்பீரியர் ஏரி.
அதில் நகராததுபோல் நகரும் தாதுக் கப்பல்.
படம் எடுத்தேன்.

'காட்சிக்குச் சந்தை காசு கொடுத்த ஆதாரம்?'
டேனர் சிவப்பில் கேட்டான்.
மூன்று இரவு பழைய விற்பனைகளைத் தோண்டினேன்.
ஒரே தெருவில், ஒரே வயதில் இரண்டு வீடு,
ஒன்றுக்கு மட்டும் ஏரி தெரிகிறது,
நாலாயிரம் டாலர் வித்தியாசம்.
'ஒரு ஜோடி போதாது.'
இன்னொரு ஜோடி தேடும்போதுதான்
யாருக்காகத் தேடுகிறேன் என்று
கையை எடுத்துக் கேட்டுக்கொண்டேன்.
எண்ணை முதலில் எழுதிவிட்டு
காரணத்தைப் பிறகு தேடுகிறவர்களைப் பற்றி
புத்தகத்தில் ஓர் அத்தியாயமே இருக்கிறது.

எடுத்ததை வைக்கவில்லை. தேடினேன்.
குறைத்துக் காட்டும் ஜோடியும் வந்தால்
அதையும் சேர்ப்பதென்று முடிவு செய்துகொண்டு.
வந்தது. சேர்த்தேன்.
நாலாயிரம் இரண்டாயிரத்து ஐந்நூறு ஆனது.

'ஏரிக் காட்சி,' என்று தட்டச்சு செய்து
பக்கத்தில் சேர்த்தேன்:
இலையில்லாத மாதங்களில் மட்டும்.

கடன் கிடைத்ததா என்று எனக்குச் சொல்ல மாட்டார்கள்.
நானும் கேட்க முடியாது.
குறிப்பேட்டில் பதினொரு மணி நேரம் போட்டேன்;
எட்டுக்குத்தான் டேனர் கையெழுத்திட்டான்.
'கத்துக்கிட்ட நேரம் கணக்கில் வராது, மார்லிஸ்.'
எதை எண்ணுவது என்பதில்
அவன் என்னைவிடக் கறார்.

மே மாதம் வேறு வேலையாக அந்தத் தெருவில் போனேன்.
பிர்ச்சுகள் தழைத்து ஏரியை மூடியிருந்தன.
நான் எழுதியது சரி.
பக்கச் சுவரோரம் புதுமண் குவியல்,
அகலமான ஜன்னல் ஒன்றை
இருவர் இறக்கிக்கொண்டிருந்தார்கள்.
இப்போது அது யார் வீடு என்று கேட்க
வண்டியை நிறுத்தவில்லை.

பாக்கி இருநூற்றுப் பதினேழு மணி நேரம்.